மறுநாள் நடை

குதிரை நின்றபடி புல் தின்றுகொண்டிருந்தது. அதன் முன்னங்கால் குளம்புக்குள் ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு ஏறியிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன், தின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், அப்போதும் தின்றது. கறுத்த ரத்தமும் சீழும் என் கையில் வழிந்தபோதும் அது புல் கற்றையிலிருந்து வாயை எடுக்கவில்லை. இது எழுபதுகளின் நடுவில், பொன்னேரிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கொட்டகையில் நடந்தது. இன்றைக்கும் எங்கேயாவது குதிரை புல் தின்பதைக் கண்டால் நான் அதன் காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஒரு குதிரையின் காலில் ஆணி ஏறியதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். ஆணி ஏறியது எனக்குப் பெரிதில்லை. அது புல் தின்றதுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். நெல் விளைவிக்கிற குடும்பம். எங்கள் நைனா வீட்டிலும் நிலம் உண்டு, மாடு உண்டு, ஆனால் குதிரையைக் கண்டவர்கள் யாரும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களும் மாமியாரை நினைத்துப் பயப்படுவார்கள். நான் குதிரையை நினைத்துப் பயந்தேன். மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். குதிரை இருந்தது. சிவப்பு நிறப் பெட்டை, நெற்றியில் மட்டும் வெள்ளை. மெட்ராஸில் பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று கழித்துவிட்டதை என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். குறுகிய தூரத்தில் அதற்கு வேகம் வராது. ஆனால் நாள் முழுக்க ஓடச் சொன்னால் ஓடும்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வருஷத்துக்கு ஒரு முறை, தை அறுவடை முடிந்ததும், குதிரை வண்டி ஓட்டம் நடக்கும். பொன்னேரி சந்தை மேட்டிலிருந்து கிளம்பி, கூட்டு ரோட்டில் பெரிய சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திரா எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். விடியலில் போனால் உச்சி வெயில் சாய்கிற நேரத்துக்கு வந்து சேருவார்கள். இதில் முதலில் வந்தவனுக்கு ஒரு மாலை, ஒரு சோடா, அவ்வளவுதான். உண்மையான பரிசு அடுத்த நாள் காலையில்தான்.

அதற்கு ‘மறுநாள் நடை’ என்று பெயர். இரவு முழுக்க ஆறிப்போன காலோடு, சந்தை மேட்டின் ஜல்லித் தரையில், ஓடிய குதிரைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நடத்திக் காட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் குந்திக்கொண்டு பார்ப்பார்கள். ஓடும்போது சூட்டில் எந்தக் குதிரையும் வலியைக் காட்டாது, விடிந்ததும் காட்டிவிடும் என்பது அவர்கள் கணக்கு. முதலில் வந்த குதிரையாக இருந்தாலும் மறுநாள் ஒரு காலை இழுத்து வைத்தால் ஆட்டத்தில் இல்லை. நொண்டாமல் நடக்கிற குதிரைகளில் முன்னால் வந்தது எதுவோ, அதுதான் வென்ற குதிரை. பரிசு ஒரு பித்தளைக் குடம். அதை வண்டி ஓட்டியவனுக்குத் தரமாட்டார்கள். அந்த வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட்டு அவள் கையில் தருவார்கள். ஓட்டுகிறவன் காலைக் கெடுக்கிறான், ஊட்டி வளர்க்கிறவள்தான் காலைக் காப்பாற்றுகிறாள் என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் அந்தக் குடத்தில் தண்ணீர் மொண்டு, எல்லார் எதிரிலும் குதிரைக்கு முதலில் காட்ட வேண்டும்.

நான் போன முதல் வருஷம் குதிரை முன்னால்தான் வந்தது. மறுநாள் நொண்டியது. ஊரே பார்க்க நான் புதுப்புடவையில் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே கொட்டகையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நான் குதிரையைக் கற்றுக்கொண்டது யாரிடமும் போய் இல்லை, என் கோபத்திடம் என்றுதான் சொல்ல வேண்டும். எது செய்தால் அதற்குக் கால் வீங்குகிறது, எது செய்தால் வற்றுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காலையில் எழுந்து காபி வைப்பதற்கு முன்னால் அதன் நான்கு கால்களையும் புறங்கையால் தடவிப் பார்ப்பேன். உள்ளங்கை அடுப்பு வேலை செய்து மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது. புறங்கை பொய் சொல்லாது. எங்கேயாவது லேசாகச் சுட்டால் அன்றைக்கு வண்டி கிடையாது. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போவார்.

சும்மா நிற்கிற நாளில் கொள்ளுத் தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். வேலை இல்லாமல் தின்ற குதிரை மறுநாள் காலையில் இடுப்பு இறுகி நிற்கும் என்பதை ஒரு தீபாவளிக்குப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழு ஓய்வு. மார்கழியில் நடை, வெறும் நடை, வரப்பிலும் ஆற்றங்கரை ஈர மணலிலும். கால் புதைகிற உலர்ந்த மணலில் விட்டால் காலின் பின்பக்கத் தசைநார் கெட்டுவிடும். அப்புறம் மெல்ல ஓட்டம். வேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில். தார் ரோட்டில் ஓட்டத்தன்றைக்குத் தவிர வேறு என்றைக்கும் துரத்தக் கூடாது. இது ஒன்றுக்குத்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. ஸ்டேஷன் வாசலில் நாலு பேரைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது, கடிவாளத்தை ஒரு சொடுக்குச் சொடுக்குவார். அன்றைக்குச் சோறு ஆறித்தான் கிடைக்கும்.

ஓட்டம் முடிந்து வந்ததும் என் வேலை தொடங்கும். கட்டிப்போடாமல் மூச்சு அடங்கும் வரைக்கும் நடத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, ஏரி அடியிலிருந்து எடுத்த கறுப்புக் களிமண்ணைக் குழைத்து முழங்காலுக்குக் கீழே அப்புவேன். குளம்புக்குள்ளும் அடைப்பேன். அந்தச் சேறு பட்டதும் குதிரை நீளமாக ஒரு மூச்சு விடும். தலையைத் தாழ்த்தி என் முதுகில் வைத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மூச்சு. அதைக் கேட்டால் என் இடுப்பு வலி எனக்குத் தெரியாது.

இரண்டாவது வருஷம் குடம் வந்தது. அப்புறம் ஏழெட்டு வருஷம், நடுவில் ஒன்றிரண்டு தவிர, எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அடுக்களைப் பரணில் வரிசையாக அடுக்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பேன். வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரிதான் வைத்திருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். மற்றவர்கள் குதிரை இரண்டு மூன்று ஓட்டத்தில் கழிந்து வாடகைக்கு ஓடுகிற ஜட்கா வண்டிக்குப் போய்விடும். எங்கள் குதிரை அதே குதிரை. நொண்டாத குதிரை என்றே அதற்குப் பெயர் ஆகிவிட்டது.

ஓட்டத்தை முன்னால் நின்று நடத்துகிற பெரியவர் வீட்டிலும் ஒரு குதிரை இருந்தது. அவர் மகன் ஓட்டுவான். வருஷா வருஷம் மறுநாள் நடையில் நொண்டும். அவர் மருமகள் என்னைவிடச் சின்னவள், ஒரு நாள் கூச்சத்தோடு வந்து, சேற்றை எப்படிக் குழைப்பது என்று கேட்டாள். நான் பெரிய மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேனா என்றால், சொன்னேன். குடம் கைவிட்டுப் போனாலும் ஒரு வாயில்லா ஜீவன் சுகப்படும் அல்லவா. ஆனால் சொல்லும்போது கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்பது வாஸ்தவம்.

எழுபது வாக்கில் ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி நீட்டி நின்றது. நடத்தினால் குட்டை குட்டையாக எட்டு வைத்தது. வீக்கம் இல்லை, சூடு இல்லை. வலி குளம்புக்குள்ளே எங்கேயோ இருந்தது. நான் சேறு வைத்தேன், ஆற்றுத் தண்ணீரில் நிறுத்தினேன், லாடத்தை மாற்றச் சொன்னேன். கேட்கவில்லை. அந்த வருஷம் ஓட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் நடைக்கு மட்டும் போய், வேறொருத்தி குடம் வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்து கொட்டகையில் அழுதேன். குடத்துக்காகவும் அழுதேன், குதிரைக்காகவும் அழுதேன், எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து, மெட்ராஸில் குதிரைக் காலுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் ஒருவர் இருப்பதாகச் சொல்லிக் குதிரையை அழைத்துக்கொண்டு போனார். ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. புதுக்குதிரை மாதிரி எட்டு வைத்து நடந்தது. குதிகாலுக்கு மேலே, இரண்டு முன்னங்கால்களிலும், இரண்டு பக்கமும் சின்னக் கோடாக முடி உதிர்ந்திருந்தது. கேட்டதற்கு, ரயிலில் ஏற்றும்போது கயிறு உரசிவிட்டது என்றார். நான் மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவினேன். பிறகு அந்த இடத்தில் வெள்ளையாக முடி முளைத்தது.

மறுபடியும் குடம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பெரியவர் எல்லார் எதிரிலும் என்னைக் காட்டி, இது மெட்ராஸ் டாக்டர் வேலை இல்லை, இந்தம்மா கை வேலை என்றார். நான் வேண்டாம் என்று மறுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசில் உறுத்தியது. சேறு வைக்கும்போது குதிரை முன்னே மாதிரி மூச்சு விடுவதில்லை. குளம்புக்குள் நான் என்ன அடைத்தாலும் கட்டை மாதிரி நின்றது. மெட்ராஸுக்குப் போய் வந்ததும் இதுக்குத் திமிரு ஏறிடுச்சு என்று சிரித்துக்கொண்டே அதன் கழுத்தில் தட்டுவேன்.

அதற்குள் கும்மிடிப்பூண்டி பக்கம் மாறத் தொடங்கியிருந்தது. தொழிற்பேட்டை வருகிறது என்று நிலத்தை அளந்தார்கள், கொட்டகை போட்டார்கள். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் பெரிய சாலையில் வரிசையாக ஓடின. போகிற வழியெல்லாம் ஆணி, தகடு, கம்பித் துண்டு என்று உதிர்த்துக்கொண்டே போகும். சைக்கிள்காரர்கள் டயர் பஞ்சராகித் திட்டிக்கொண்டு நிற்பார்கள். குதிரைக்கும் அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் குத்தினால் நொண்டும், நொண்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். வேறு எப்படி இருப்பது. குதிரை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

அந்த மார்கழியில்தான் கொட்டகையில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து வைக்கோலையெல்லாம் புரட்டினேன். எலி இல்லை. கடைசியில் குனிந்து குதிரையின் காலைத் தூக்கினேன். முன்னால் சொன்னேனே, அந்த இரும்பு.

எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டு நடந்ததோ, தெரியாது. அதே காலோடு வண்டி இழுத்திருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது, வரப்பில் நடந்திருக்கிறது. ஒரு எட்டுக்கூடத் தப்பவில்லை. நான் அதன் முகத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லைக் கடித்தது. எனக்குப் பேய் பிடித்த வீட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. இதுவா நான் வளர்த்த குதிரை என்று சத்தமாகவே கேட்டேன்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குத் திருவள்ளூரில் கோர்ட்டு வேலையாகப் போயிருந்தார். லாடத்தைக் கழற்றினால்தான் புண்ணைக் கழுவ முடியும் என்று, பொன்னேரியில் லாடம் அடிக்கிற பாயை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வருஷக்கணக்காக எங்கள் குதிரைக்கு அவர்தான். வந்து காலைத் தூக்கிப் பார்த்தார். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. நான் கேட்டேன், ஏன் பாய், இதுக்கு வலிக்கலையா என்று.

அவர் காலைக் கீழே விடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனுக்குத் தெரியாதாம்மா? ஊட்டுக்காரரு சொல்லலையா? நரம்ப அறுத்துட்டாங்கோ. குளம்புல உசுரு கீது, உணர்வு இல்ல."

வெள்ளைமுடி முளைத்த கோட்டை விரலால் காட்டினார். நான் மஞ்சள் தடவிய கோடு. மெட்ராஸிலிருந்து வந்த பிறகு முதல் லாடம் அடித்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆணி கொஞ்சம் சதைப் பக்கம் போனாலே குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும், இது இழுக்கவில்லையாம். என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் புண்ணைக் கழுவத் தொடங்கினார். நான் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வருஷம். ஏரியிலிருந்து கூடை கூடையாகச் சேறு சுமந்து வந்து, எதுவும் தெரியாத ஒரு காலுக்கு அப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். திமிரு என்று வேறு சிரித்திருக்கிறேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கொட்டகை வாசலில் என் எதிரில் குந்தினார்.

"நொண்டற குதிரைய யாரு வச்சிக்கினு இருப்பா, சொல்லு. ஜட்காவுக்குக் குடுத்திருந்தா அடிச்சே கொன்னிருப்பான். நீ வேற அழுதுக்கினு கீற. வலி இல்லாம பண்ணேன் மே. அது தப்பா?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் பேஜார். குதிரை மேல் பிரியம் இல்லாதவர் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். நான் சொன்னேன், வலி போகலை, வலிக்கிற இடம் அப்படியேதான் கிடக்குது, அதுக்குச் சொல்லத் தெரியாம பண்ணிட்டீங்க என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு புண்ணையே பார்த்தார்.

அந்தப் புண்ணை நான் ஆற்றினேன். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து, துணி கட்டி, சாக்குச் செருப்புப் போட்டு. நல்லவேளை, ஆழமாகப் போகவில்லை. பொங்கலுக்கு ஆறிவிட்டது. ஆறியதும் என் வீட்டுக்காரர் வந்து, இந்த ஒரு வருஷம் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன், பேர் கொடுத்துவிட்டேன், அதோடு விட்டுவிடலாம் என்றார். நான் கும்பிட்டுக் கேட்டேன். அந்தக் குளம்புக்குள் எலும்பு எந்த நிலையில் இருக்கிறதோ, ஓடுகிற ஓட்டத்தில் உடைந்தால் அதற்கே தெரியாது, உடைந்த காலோடு இன்னும் நாலு எட்டு வைக்கும், அப்புறம் வண்டியோடு லாரி எதிரில் போய் விழும், செத்தால் நீங்களும்தான் சாவீர்கள் என்றேன். எல்லாம் ஓடிக்கினுதானே கீது என்றார். நாள் வந்தது. விடியலில் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க நான் கூட்டு ரோட்டில் நின்றேன். போகும்போது பார்த்தேன், அழகாகப் போனது. அதுதான் கொடுமை. அந்த வழியாக வருகிற லாரிக்காரனையெல்லாம் நிறுத்தி, வழியில் குதிரை ஏதாவது விழுந்ததா என்று கேட்டேன். ஒருவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து டீக் குடிக்கச் சொல்லிக் காசை நீட்டினான். வெயில் சாய்ந்ததும் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. எங்கள் குதிரைதான் முதலில் வந்தது. பின்னாலேயே ஒரு லாரியில் ஏறி நான் சந்தை மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் வண்டியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் குனிந்து குதிரையின் கால்களைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் புதிதாக ஒரு கம்பித் துண்டு ஏறியிருந்தது. அதைப் பிடுங்கி அவர் கையில் வைத்தேன். சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை சந்தை மேட்டில் நல்ல கூட்டம். ஒவ்வொரு குதிரையாக ஜல்லியில் நடந்தது. பெரியவர் வீட்டுக் குதிரை பாவம், மூன்று காலில்தான் வந்தது. அந்த மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் குதிரை கம்பி குத்திய காலோடு தேர் மாதிரி நடந்துபோயிற்று. ஆளாளுக்குக் கை தட்டினார்கள். பெரியவர் குடத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து, வாம்மா மருமவளே, வந்து வாங்கிக்க என்றார்.

நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோணி ஊசியை எடுத்தேன். அதோடு, குதிரை மெட்ராஸுக்குப் போய் வந்த பிறகு வாங்கிய மூன்று குடங்களையும் வீட்டிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். ஊசியால் குதிரையின் முன்னங்கால் குதியில் குத்தினேன். நின்றது. இன்னொரு முன்னங்காலில் குத்தினேன். நின்றது. பின்னங்காலில் லேசாகத் தொட்டேன், உதைத்த உதையில் ஜல்லி பறந்தது. முன்னால் குந்தியிருந்தவர்கள் எழுந்து பின்னால் நகர்ந்தார்கள். நான் மூன்று குடத்தையும் பெரியவர் எதிரில் இறக்கி வைத்தேன்.

"நாலாவது எனுக்கு வாணாம் மாமா. இது நொண்டாத குதிரை இல்ல. நொண்டத் தெரியாத குதிரை. மெட்ராசுல நரம்ப அறுத்துக்கினு வந்தாங்கோ."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. குதிரையின் கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்து போனார். அவரை அப்படி நாலு பேர் எதிரில் தலைகுனிய வைத்தது எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் செய்தது தப்பு என்று இன்றுவரை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர் காறித் துப்பும், பெரியவர்கள் இனி யாரும் இப்படிச் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொண்டு குதிரையை வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசல்படி ஏறுவது அதுதான் முதல் தடவை. ஏதோ தண்டனை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து மோர் கலந்து கொடுத்தேன். குடித்தார். கொட்டகைக்குப் போய்க் குதிரையின் முன்னங்காலைத் தூக்கி, வெள்ளைக்கோட்டைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். பார்த்துவிட்டு நிமிர்ந்து, யாரும் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, அந்த ஆளு மெட்ராசுல எங்க கீறாரு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெட்கம் துளிகூட இல்லை, ஆசைதான் இருந்தது. எனக்குத் தெரியாது என்றேன், நிஜமாகவே தெரியாது. பரவாயில்லை, உன் வீட்டுக்காரனைக் கேட்டுக்கொள்கிறேன் என்று போனார். அதற்கு அடுத்த நாட்களில் இன்னும் இரண்டு மூன்று குதிரைக்காரர்கள் வந்தார்கள். நான் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன். அவர்கள் ஸ்டேஷன் வாசலில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்னாரா, சொல்லவில்லையா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் பேச்சு சரியாகவே பல மாதம் ஆயிற்று.

எங்கள் குதிரை அதற்கப்புறம் ஓடவில்லை. வயலோரம் கட்டிவைத்திருந்தேன். அதற்குச் சொல்லத் தெரியாது என்பதால் தினமும் காலையில் நான்தான் காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும், முள்ளோ கல்லோ ஏறியிருக்கிறதா என்று. சேறு வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். ஒரு தடவை கை பழக்கத்தில் குழைத்துவிட்டேன், அப்புறம் தூக்கி வாய்க்காலில் கொட்டினேன்.

அடுத்த வருஷம் ஓட்டத்தைப் பார்க்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மறுநாள் நடைக்கு மட்டும் கால் தானாகப் போய்விட்டது. கூட்டத்தின் பின்னால் நின்றேன். குதிரைகள் ஒவ்வொன்றாக ஜல்லியில் வந்தன. முதல் குதிரை நொண்டவில்லை. இரண்டாவது நொண்டவில்லை. வருஷா வருஷம் பாதிக் குதிரைகள் கால் இழுக்கும் அந்த இடத்தில், அன்றைக்கு ஒரு குதிரைகூட நொண்டவில்லை. இந்த மாதிரி ஒரு வருஷத்தை நாங்கள் கண்டதே இல்லை என்று பெரியவர்கள் பூரித்துப்போனார்கள். ஜனம் விசில் அடித்தது.

குடம் பெரியவர் வீட்டுக்குப் போனது. அவர் மருமகளைக் கூப்பிட்டார்கள். அவள் குடத்தை வாங்கி, தண்ணீர் மொண்டு, குதிரைக்குக் காட்டினாள். அப்புறம் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் ஓடிவந்தாள். முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

"எங்க ஊட்டு ஆளு அந்த மாதிரிலாம் பண்ண மாட்டாருக்கா. மெட்ராசுக்கு இட்டுக்கினு போனாரு, வைத்தியம் மட்டும்தான் பாத்துக்கினு வந்தாரு. மத்ததெல்லாம் நீ சொல்லிக்குடுத்த சேறுதான்."

குடத்தைப் பிடித்திருந்த அவள் விரல் இடுக்கில் ஏரிக் களிமண் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அவள் தோளுக்கு மேலே குதிரையைப் பார்த்தேன். அதன் குதிகாலுக்கு மேலே, இரண்டு பக்கமும், வெள்ளையாக முடி முளைத்திருந்தது.